கால் எட்டாத வண்டி

எங்கள் கல்யாணப் படத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், என் கணவர் பக்கத்தில் நிற்கிறார். தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் எடுத்த கல்யாணப் படம் எதை வேண்டுமானாலும் பாருங்கள், மாப்பிள்ளைதான் உட்கார்ந்திருப்பார். பெண், நாற்காலி ஓடிப்போய்விடுமோ என்று பயந்தவள் மாதிரி அதன் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பாள். எங்கள் படத்தைப் பார்க்கிறவர்கள், "பொண்ணுக்கு எம்புட்டு மரியாதை குடுத்திருக்காவ!" என்பார்கள். மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நான் அவரைவிட ஒரு சாண் உயரம். சேர்ந்து நிற்க வைத்தால் படத்தில் அவர் என் தம்பியாகிவிடுவார் என்று படம் எடுத்தவர் பயந்தார், அவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்தபோது இந்த விஷயத்தை யாரோ சாடையாக எடுத்திருக்கிறார்கள். "கப்பல்ல கொடிமரம் ஏறுதவன் நான், உசரத்துக்குப் பயப்படுவேனா?" என்று இவர் வீரம் பேசியதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். இவருக்குக் கப்பலில் வேலை அடித்தட்டில், எஞ்சினுக்கு எண்ணெய் விடுவது. கொடிமரத்தைக் கரையில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

கல்யாணத்துக்குப் பிறகு உயரம் மெல்ல மெல்லப் பயமுறுத்த ஆரம்பித்தது. மாதா கோயிலில் தொல்லையில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்த புண்ணியவான் எங்களை மனதில் வைத்துத்தான் செய்திருக்க வேண்டும். பூசை முடிந்து வெளியே வரும்போதுதான் சிக்கல். இவர் விறுவிறுவென்று முன்னால் போய்விடுவார், யாரோ துரத்துகிற மாதிரி. நான் பின்னால் தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, தரையில் எதையோ தொலைத்தவள் போல் வருவேன். "குனிஞ்சு நடந்தா என்ன, கிரீடமா விழுந்துரும்?" என்று என்னைப் பெற்றவளே சொல்லி அனுப்பியிருந்தாள். ஆக, எங்கள் வீட்டில் முதன்முதலில் உயரம் குறைக்கப்பட்டது நான்தான். மோட்டார் சைக்கிள் எனக்கு அடுத்தது.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. புதுத் துறைமுகம் திறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. இவர் கப்பலிலிருந்து விடுப்பில் வந்த சில வாரங்களுக்குப் பின்னால், ஒரு சரக்குக் கப்பலில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. சுங்கக்காரர்கள் பெட்டியைப் பிரித்து, அவரவர் வசதிக்கு ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு அனுப்பி வைத்தார்கள். கைவண்டியில் ஏற்றி, தெருவே வேடிக்கை பார்க்க, எங்கள் வாசலில் இறக்கினார்கள். ஜெர்மன் வண்டி. கறுப்பு நிறம். எஞ்சினின் இரண்டு பக்கமும் சிலிண்டர்கள், கூட்டத்தில் இடித்துக்கொண்டு போகிற ஆளின் முழங்கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அந்த ஊர்ப் போலீஸ்காரர்கள் ஓட்டிய வண்டியாம். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழசு விற்கிறவனிடம் வாங்கினாராம். அந்த ஊர்ப் போலீஸ்காரர்கள் என்ன உயரம் இருப்பார்கள் என்று வாங்குகிற இடத்தில் விசாரிக்கவில்லை போலிருக்கிறது.

"இதுல செயின் கிடையாது, பாத்துக்கோ," என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். "எஞ்சின்லேர்ந்து பின் சக்கரத்துக்கு ஒரு சாப்ட்டு போகுது. கப்பல்ல புரொப்பல்லருக்குப் போகுதுல்லா, அதே மாதிரி. எல்லாம் குழாய்க்குள்ள. நம்ம ஊரு உப்புக் காத்துல செயின் போட்ட வண்டி துருப்பிடிச்சிப் போவும். இதுக்கு ஒண்ணும் ஆவாது."

உப்புக் காற்றிலிருந்து வண்டியைக் காப்பாற்ற இவ்வளவு யோசித்த மனிதர், ஒரு காரியத்தை யோசிக்கவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, ஸ்டாண்டில் நின்ற வண்டியில் காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். கால்கள் இரண்டும் தரையைத் தொடாமல், திருவிழா ராட்டினத்தில் ஏறின பிள்ளையின் கால் மாதிரி தொங்கின. ஸ்டாண்டில் நிற்பதால்தான் அப்படி என்று ஒருவர் சமாதானம் சொன்னார். ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தால் கட்டைவிரல் நுனி மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. அந்த வண்டியோ மாட்டுக் கனம். அதை ஒரு கட்டைவிரல் தாங்குமா?

வண்டியைப் பிடித்துக்கொள்ள நான்தான் பக்கத்தில் நின்றேன். இருக்கை என் இடுப்புக்கு நன்றாகக் கீழே இருந்தது. அந்தத் தெருவில் அந்த வண்டிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரே ஒரு ஆள்தான் உண்டு என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது. அத்தனை பேரும் அதைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

வெறும் பந்தாவுக்கு வந்த வண்டியாக இருந்தால் நான் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுக் குசினியில் அடுப்பைப் பார்க்கப் போயிருப்பேன். சங்கதி அதுவல்ல. ஊரில் ஒரு கப்பல் ஏஜண்டு இருந்தார். கப்பல் வந்தால் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஓடி, கேப்டனுக்கு என்ன வேண்டும் ஏது வேண்டும் என்று பார்க்கிற ஆளுக்கு வாட்டர் கிளார்க் என்று பெயர். அந்த வேலைக்கு ஏஜண்டு கப்பல் இங்கிலீஷ் தெரிந்த ஆள் தேடிக்கொண்டிருந்தார். இவருக்குத் தருவதாகவும் சொன்னார். ஒரே நிபந்தனை, ஊரிலிருந்து புதுத் துறைமுகம் தூரம், அதனால் சொந்த வண்டி வேண்டும். இன்னொரு பக்கம், அடுத்த கப்பலில் ஏற வரச்சொல்லிப் பம்பாயிலிருந்து தந்தி வந்து மேசைமேல் கிடந்தது. வண்டி ஓடினால் இவர் கரையில் இருப்பார். ஓடாவிட்டால் கடலுக்குப் போவார்.

எங்கள் வீட்டு அலமாரியில் இவருக்கென்று ஒரு பீங்கான் தட்டு உண்டு. வருஷத்தில் பாதிக்கு மேல் அது கவிழ்ந்தே கிடக்கும். அதைத் தூசி தட்டித் தட்டி எனக்கு அலுத்துப்போயிருந்தது. அதை நான் இவரிடம் ஒளிக்கவும் இல்லை. "நீங்க இங்கன இருக்கணும். எனக்கு அது போதும்," என்று சொல்லியிருந்தேன். அதனால்தான் அதற்குப் பிறகு நடந்த கோமாளித்தனத்தையெல்லாம் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். வாயை மூடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதல் வைத்தியம் பூட்ஸ். அப்போது அடி தடித்த பூட்ஸ் வெளிநாட்டில் நாகரிகமாக இருந்தது. இவர் பெட்டியில் ஒரு ஜோடி இருந்தது. அடிப்பாகம் மட்டும் ஒரு செங்கல் கனம். அதைப் போட்டதும் கால் தரையைத் தொட்டது உண்மைதான். ஆனால் அந்த வண்டியில் கியரை, கால்நுனியை நெம்புகோலுக்கு அடியில் நுழைத்து மேலே தூக்கி மாற்ற வேண்டும். செங்கல் எங்கே நுழையும்? மிதித்தால் விழுகிற முதல் கியர் விழுந்ததோடு சரி. வண்டி அழுதுகொண்டே தெருமுனை வரை போய், அழுதுகொண்டே திரும்பி வந்தது. பின்னாலேயே வந்த குதிரை வண்டிக்காரர் மணி அடித்து வழி விடச் சொன்னார்.

இரண்டாவது வைத்தியத்துக்கு இவருடைய அண்ணன் வந்தார். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் அவர் தண்டல், அதாவது அந்தத் தோணிக்குக் கேப்டன். தரையில் ஓடுகிற எதைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்வது தண்டல் வேலைக்கு அழகல்லவே. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். ஸ்பிரிங் அமுங்கி எழும்பியது. அவர் முகம் மலர்ந்தது.

"எலே, இது வெறுந்தோணி மாதிரில்லா மிதந்து நிக்கி! அடிப்பாரம் ஏத்துலே. தானா தாழும்."

காலித் தோணி தண்ணீருக்கு மேலே உயர்ந்து நின்று ஆடும். அடித்தட்டில் கனத்தைப் போட்டால் தாழ்ந்து, நிலைத்து நிற்கும். அதே சூத்திரம்தான். எஞ்சின்காரரான இவர் அதைக் கேட்டுச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். இவர் கண்ணில் ஒளி வந்தது. கடலோரத்தில் பிறந்த ஆணுக்கு எஞ்சின் மூளை ஒரு அங்குலம் என்றால் தோணி மூளை ஒரு முழம்.

அடிப்பாரத்துக்கு எதை ஏற்றுவது? கடற்கரை ஊரில் மணலுக்கா பஞ்சம்? நான் அதைத்தான் சொன்னேன். தண்டலுக்கு வந்ததே கோபம். "மண்ணச் சுமந்துகிட்டுப் போறதுக்கு இதென்ன சவ வண்டியா? தோணியில நாங்க வெறும் மண்ணை ஏத்தவே மாட்டோம். உப்பு ஏத்து. உப்புன்னா லெச்சணம்." உப்பளத்து ஊரில் உப்புக்கும் பஞ்சமில்லை. மதியத்துக்குள் இரண்டு சாக்கு உப்பு வந்தது. பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும், தோணிக் கயிற்றால், புயலே வந்தாலும் அவிழாத முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். உப்புக் காற்று படக்கூடாது என்று குழாய்க்குள் ஒளித்து வைத்த சாப்ட்டுக்கு, உப்பையே மாலையாகப் போட்டார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு போய் மீன் ஆய்ந்தேன். அன்றைக்கு அந்த மீன் என்னிடம் பட்ட பாட்டை மீன்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வண்டி தாழ்ந்தது. இரண்டு காலின் விரல்களும் தரையில் பதிந்தன. அண்ணனும் தம்பியும் கப்பலே கட்டி முடித்த மாதிரி கைகுலுக்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டியைச் சாமியாரிடம் மந்திரித்து ஆசீர்வாதம் வாங்குவது என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து, வண்டியையும் ஓட்டுகிறவரையும் மந்திரித்தார். சாக்குகள் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பல வருஷமாகக் கடலோரப் பங்குகளில் இருந்தவர், கேட்டால் பதில் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சனம் முழுக்கப் படியில் நின்றது. இவர் ஏறி உட்கார்ந்தார். விரல்கள் தரையில். கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் திருகினார்.

இந்த இடத்தில் சாப்ட்டு வண்டிக்கு ஒரு குணம் உண்டு என்று சொல்ல வேண்டும். செயின் வண்டி, திருகினால் முன்னால் போகும். இது, திருகினால் முதலில் பின்பக்கம் எழும்பும். உள்ளே இருக்கிற பல்சக்கரம் சாப்ட்டின்மேல் ஏறிக்கொள்ளப் பார்க்குமாம், அதனால் ஸ்பிரிங் நிமிருமாம். இவர் எனக்கு அதைப் படம் போட்டு விளக்கினார், விழுந்ததற்கு மறுநாள். வாத்தியாரைக் கண்டால் பையன்கள் எழுந்து நிற்கிற மாதிரி, இவர் திருகியதும் அந்த வண்டி, இவ்வளவு உப்பையும் தூக்கிக்கொண்டு, மரியாதையாக எழுந்து நின்றது. தரையில் பதிந்திருந்த விரல்கள் அந்தரத்துக்கு வந்தன. இவர் பயந்து கையை விட்டார். வண்டி சடாரென்று தாழ்ந்தது. மறுபடி திருகினார், எழுந்தது. இரண்டு மூன்று தடவை அப்படி ஜெபத்துக்கு முழங்காலிட்டு எழுந்துவிட்டு, இடப்பக்கம் படுத்துக்கொண்டது. சிலிண்டர் துருத்திக்கொண்டு இருந்ததால் காலை நசுக்கவில்லை. ஒரு சாக்கு கிழிந்து, கோயில் வாசல் முழுக்க உப்பு. மந்திரித்த தீர்த்தமும் அதில் கலந்தது.

தண்டல் படியில் நின்றபடியே, "கரை தட்டிட்டு," என்றார்.

ஜனங்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் இவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே முதலில் தேடியது யாரை என்று பார்த்தேன். என்னைத்தான். நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார். நான் சிரிக்கவில்லை. போய் இவர் முதுகில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டேன்.

மிச்சமிருந்த சாக்கை அவிழ்க்க யாராலும் முடியவில்லை, அவ்வளவு நல்ல முடிச்சு. அறுத்து எடுப்பதற்குள் உப்பு கசிந்து, பளபளவென்று இருந்த சக்கரக் கம்பிகளில் சிவப்பாகத் துரு பூத்துவிட்டது.

மூன்றாவது வைத்தியர், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் லாஞ்சு என்கிற விசைப்படகுகளின் எஞ்சின்களைப் பிரித்துச் சேர்க்கிற மெக்கானிக். அவர் பிரித்ததில் எவ்வளவு சேர்ந்தது என்று லாஞ்சுக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். பட்டறை வாசலில் வண்டியைப் பார்த்ததும், "சாப்ட்டு வண்டியா? அப்ப இது நம்ம வேலை. இந்த ஊருல சாப்ட்டப் பத்தி என்கிட்டல்லா கேக்கணும்!" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார். பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றினார். லாஞ்சு எஞ்சினுக்கு வைத்திருந்த குட்டை ஸ்பிரிங் எதையோ வைத்து, கட்டையாக இரண்டு செய்து மாட்டினார். வண்டி, அடி வாங்கின நாய் மாதிரி பின்பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது, இவருக்குக் காலும் எட்டியது. பழைய ஷாக் அப்சார்பர்களை இவர் பத்திரமாகத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். இந்த மொத்தக் கதையிலும் புத்தியோடு செய்த முதல் காரியம் அதுதான்.

இனி அந்த வண்டி தாழ்ந்ததால் கிடைத்த நன்மைகளைக் கேளுங்கள். பக்கத்து ஸ்டாண்டு பழைய உயரத்துக்குச் செய்தது. இப்போது அதைப் போட்டால் வண்டி சாயாமல் நட்டக்குத்தலாக நின்று, கொஞ்சம் யோசித்து, மறுபக்கம் விழும். நடு ஸ்டாண்டில் ஏற்ற மூன்று ஆண்பிள்ளைகள் வேண்டும். இவர் கடைக்குப் போய் இறங்கினால், பிடித்துக்கொள்ள ஒரு ஆளைக் கூடவே கொண்டுபோக வேண்டும். பின்பக்கம் தாழ்ந்ததால் முன்பக்கம் நிமிர்ந்துகொண்டது. சாயங்காலம் விளக்கைப் போட்டால் ரோடு இருட்டாக இருக்கும், கோயில் மணிக்கூண்டு பளிச்சென்று தெரியும். பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டு டயரில் உரசி நாற்றம் வரும். இதற்கெல்லாம் மேலே, சாப்ட்டு. வளைய வேண்டிய கோணம் மாறிப்போனதால் அது இருக்கிற மூட்டில் கடக், கடக் என்று ஒரு சத்தம். மூட்டை மூடியிருந்த ரப்பர் உறை இழுபட்டுக் கிழிந்து எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது.

மெக்கானிக்கிடம் போனோம். அவர் அதற்கும் அசரவில்லை. கிரீஸில் தோய்த்த கயிற்றைக் கிழிசலில் திணித்து இறுக்கினார். லாஞ்சில் சாப்ட்டு வழியாகத் தண்ணீர் வராமல் இருக்க அப்படித்தான் செய்வார்களாம்.

"இனி ஒரு சொட்டு கடத்தண்ணி உள்ள வராது," என்றார்.

"அண்ணாச்சி, வண்டி ரோட்டுலதான் போகும்," என்றேன். அதுவரை நான் கட்டிக்காத்த மௌனம் அன்றைக்கு உடைந்தது. "கடல்ல விடுதப்போ உங்களக் கூட்டிட்டுப் போறோம்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை. கடக், கடக் என்ற சத்தம் மட்டும் பேசிக்கொண்டே வந்தது.

அடுத்த நாள் ஏஜண்டிடமிருந்து ஆள் வந்தது. மறுநாள் காலையில் புதுத் துறைமுகத்து வாசலுக்கு வண்டியோடு வந்து பார்க்கச் சொல்லியிருந்தார். இவர் அன்று மாலை வாசலில் உட்கார்ந்து, கயிற்றைப் பிடுங்கி மூட்டைப் பார்த்தார். எஞ்சினைப் பற்றி இவருக்கு நிஜமாகவே தெரியும், தோணி மூளை குறுக்கே வராதவரை. "இப்படியே ஓட்டினா துறைமுகம் போய்ச் சேராது. பாதி வழியில முறிஞ்சிரும்," என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய ஷாக் அப்சார்பர்களை எடுத்து வந்தார். கட்டைகளைக் கழற்றி, பழசை மாட்டினார், கிழிந்த உறையைச் சுற்றி ரப்பர் டியூபை வெட்டிக் கட்டினார். கடக் சத்தம் நின்றது. வண்டி ஜெர்மன் போலீஸ்காரனின் உயரத்துக்கு மறுபடியும் எழுந்து நின்றது. இவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், மேசைமேல் இருந்த தந்தியை எடுத்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அலமாரியைப் பார்த்தேன், தட்டைப் பார்த்தேன். அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் முந்தியது. ஒரு சாண் உயரத்துக்காக ஒரு மனுஷன் கடலுக்குப் போவானா?

காலையில் நான் எழுந்தபோது இவர் வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வெகுநேரமாக அங்கேதான் நிற்கிறார் என்று தெரிந்தது.

"ஏளா," என்றார், என்னைப் பார்க்காமல், ஹெட்லைட்டைப் பார்த்து. "நீ பின்னால உக்காந்துகிட்டு, வண்டி நிக்கிற எடத்துல கால ஊணுதியா?"

முதல் நாளிலேயே தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பதில். அதைக் கேட்க இவருக்கு ஒரு ஜோடி பூட்ஸும், இரண்டு சாக்கு உப்பும், ஒரு லாஞ்சு மெக்கானிக்கும் தேவைப்பட்டார்கள். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். "ஊணுதேன்," என்றேன்.

ஆனால் பெண்கள் வண்டியில் ஒரு பக்கமாகத்தான் உட்காருவார்கள். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் ஒரு பக்கம்தான் ஊன்ற முடியும், வண்டி மறுபக்கம் போகும். இரண்டு பக்கமும் கால் போட வேண்டும். உள்ளே போய், இவருடைய எஞ்சின் அறைக் காக்கிக் கால்சட்டையை எடுத்துச் சேலைக்கு உள்ளே மாட்டினேன். அது எனக்குக் கெண்டைக்கால் வரைக்கும்தான் வந்தது. சேலையைத் தூக்கிச் செருகினேன். நான் வண்டியைப் பிடித்துக்கொள்ள இவர் ஏறினார். பிறகு நான், ஆண்பிள்ளை மாதிரி, காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தேன். தெருவில் ஒரு வீட்டிலும் சன்னல் மூடியிருக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். என் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்திருந்தன. இவர் ஆக்சிலேட்டரைத் திருகினார். வண்டி எழும்பியது. எழும்பட்டுமே, எனக்குக் கால் எட்டியது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தினார், ஊன்றினேன். உப்பளங்களைத் தாண்டித் துறைமுகத்து வாசலுக்குப் போனோம். ஏஜண்டு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் லாரிக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், காவல்காரர்கள். நிறுத்தினார், ஊன்றினேன். அத்தனை பேரின் கண்ணும் காக்கிக் கால்சட்டைக்குக் கீழே நின்ற என் கால்மேல். நான் வழக்கம்போல இவர் முதுகுக்குப் பின்னால் சுருண்டு ஒளியப் பார்த்தேன். சின்ன முதுகு, அதில் எங்கே ஒளிவது?

"யாருவே இது?" என்றார் ஏஜண்டு.

தன் தங்கச்சி என்பாரோ, வழியில் ஏற்றிக்கொண்ட ஆள் என்பாரோ என்று பார்த்தேன். இவர் எல்லோருக்கும் கேட்கிற குரலில், "என் பொஞ்சாதி அண்ணாச்சி. எனக்குக் கால் எட்டல. அவளுக்கு எட்டும்," என்றார்.

லாரிக்காரர்கள் இவர் காலையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஏஜண்டு குடை ஆட ஆடச் சிரித்தார். "ஏன்வே, வண்டி இருக்கான்னுதான கேட்டேன்? டவுன்லேர்ந்து இங்கன வந்து சேர ஒரு சைக்கிள் பத்தாதா? நான் என்ன போலீசுக்கா ஆள் எடுக்குதேன்? நாளைக்கு வேலைக்கு வந்து சேரும். அந்த அம்மா வீட்டுல இருக்கட்டும்."

சைக்கிள் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தியே இருந்தது. அதில் இவருக்குக் கால் எட்டும். வண்டி வேண்டும் என்றதும், சைக்கிளும் ஒரு வண்டிதானே என்று அண்ணனுக்கும் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் தோன்றவில்லை. உப்பு சுமந்த அந்த வாரங்களை நினைத்து அங்கேயே யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. அறைய வாகாக இருந்தது இவர் தலைதான். போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் மறுபடியும் மூடியிருந்தது. நிறுத்தினார், ஊன்றினேன். பின்னால் பஸ், பக்கத்தில் மாட்டு வண்டி, எதிரே சைக்கிள்காரர்கள். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். பழக்கதோஷம், தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, இவர் உயரத்துக்கு என்னை மடக்கிக்கொண்டேன். இவருக்கு முதுகில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"கூனாத," என்றார் திரும்பாமலே. "நிமிந்து உக்காரு."

கல்யாணமானதிலிருந்து யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதுகு வலித்தது. இவர் தலைக்கு மேலே கேட்டும் தண்டவாளமும், வருகிற ரயிலும் முழுசாகத் தெரிந்தன. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. துடைக்க முடியவில்லை, இரண்டு கையாலும் இவர் தோளைப் பிடித்திருந்தேன். கேட் திறந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. தபாலாபீஸ் வாசலில் நிறுத்தச் சொன்னேன். பம்பாய்க்கு வரமாட்டேன் என்று தந்தி கொடுக்க இவர் உள்ளே போனார். அவர் வரும்வரை நான் வண்டியின் இரண்டு பக்கமும் காலை ஊன்றி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.